மண்ணுக்கு வேண்டிய அவகாசம்

லண்டன் மாநகருக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், ஹார்ட்ஃபோர்ட்ஷயர் ஜில்லாவைச் சேர்ந்த ஹார்பெண்டன் என்னும் ஊருக்கு அருகே, ராதம்ஸ்டெட் என்ற பழம்பெரும் பண்ணை ஒன்று இருக்கிறது. விவசாய விஞ்ஞானத்தைப் பயில்வோர் எந்தத் தேசத்தவராயினும் அப்பண்ணையின் பெயரை அறியாதிருக்க இயலாது. அங்கே பிராட்பாக் என வழங்கும் வயலில், 1843-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், கோதுமை விதைத்து ஒரு பரிசோதனையைத் தொடங்கினார்கள். விக்டோரியா மகாராணி பட்டமேறி ஆறு ஆண்டுகளே கழிந்திருந்த காலத்தில் தொடங்கிய அந்தப் பரிசோதனை, இரண்டு உலக மகாயுத்தங்களையும் கடந்து, தொடங்கியவர்கள் மறைந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலான பின்னும், இன்றளவும் நடந்துகொண்டிருக்கிறது.

இதன் கர்த்தாவான ஜான் பென்னட் லாஸ் என்பவர் அப்பண்ணையைப் பிதுரார்ஜிதமாகப் பெற்ற கனவான். எலும்பு முதலியவற்றைக் கந்தகாமிலத்தில் கரைத்துச் சூப்பர் பாஸ்பேட் உரம் செய்யும் முறைக்கு 1842-இல் காப்புரிமை பெற்று, டெட்ஃபோர்டில் ஆலை அமைத்துச் செல்வம் ஈட்டியவர். ரசாயன உரத்தை விற்றே பொருள் தேடிய ஒருவர், ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற ரசாயன சாஸ்திரியைத் துணைக்கொண்டு, அவ்வுரத்தின் நிறைகுறைகளைத் தம் வயலிலேயே ஒளிவுமறைவின்றி அளந்து பார்க்க முற்பட்டாரே, அந்த நேர்மையைப் போற்றாமல் இருக்க முடியவில்லை. வயலை நீண்ட பாத்திகளாக வகுத்து, ஒரு பாத்திக்கு எவ்வித எருவும் இடாமலும், இன்னொன்றுக்கு ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம் இட்டும், ஏனையவற்றுக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றை வெவ்வேறு அளவில் கொடுத்தும் பயிர் செய்து, கண்டதையெல்லாம் ஆண்டு தவறாமல் குறித்து வைத்தார்கள். அறுத்த தானியத்திலும் வைக்கோலிலும் மண்ணிலும் எடுத்த மாதிரிகள் இன்று மூன்று லட்சத்துக்குக் குறையாமல் அங்கே பத்திரப்படுத்தப்பட்டிருக்கின்றன. நம் கோயமுத்தூர் விவசாயக் கல்லூரியில் 1909-இல் தொடங்கிய நிரந்தர உரப் பரிசோதனையும் இந்த மாதிரியில் அமைந்ததே.

பிராட்பாக் வயல் சொல்லும் செய்தி ஒன்றன்று, இரண்டு. அவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பிரிட்டிஷ் விவசாயிகளின் இன்றைய சங்கடம் விளங்கும். எருவே காணாத பாத்தி ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஒரு டன் கோதுமையோடு நின்றுவிடுகிறது. ரசாயன உரத்தைப் போதிய அளவில் பெற்ற பாத்திகளோ, தொழுவுரம் இட்ட பாத்திக்குச் சரிசமானமாக விளைந்து வந்திருக்கின்றன. ரசாயன உரம் இட்டால் நிலம் உடனே மலடாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இது முதல் செய்தி. இனி, அந்தப் பாத்திகளின் மண்ணையே எடுத்துப் பரிசீலித்தால் வேறொன்று புலப்படுகிறது: தொழுவுரம் பெற்ற மண்ணில் உள்ள அங்ககக் கரிமம், எருவற்ற மண்ணில் உள்ளதைப்போல் இரண்டரை மடங்குக்குக் குறையாமல் இருக்க, ரசாயன உரம் மட்டுமே பெற்ற மண் எருவற்ற மண்ணைவிடச் சிறிதளவே மேம்பட்டு நிற்கிறது. அதாவது, விளைச்சல் ஏறிக்கொண்டிருக்கும்போதே அடியிலுள்ள மண் மெலிந்து கிடக்கலாம். களஞ்சியம் நிரம்புவதைக் கொண்டு நிலத்தின் ஆரோக்கியத்தை நிர்ணயிக்க இயலாது. முதலை எடுத்துச் செலவிட்டுக்கொண்டு வட்டியில் வாழ்வதாக எண்ணும் குடும்பத்தின் நிலை அது.

அதே ராதம்ஸ்டெட்டில் ஹூஸ்ஃபீல்ட் என்ற இன்னொரு வயலில் 1852 முதல் பார்லி பயிராகிறது. அங்கே ஒரு பாத்திக்கு 1852 முதல் 1871 வரை இருபது ஆண்டுகள் தொழுவுரம் இட்டு, பின்பு அடியோடு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பின் ஒரு கூடை எருவும் அந்தப் பாத்தியில் விழவில்லை. ஆயினும் நூறாண்டுகளுக்கு மேல் கழிந்து சோதித்தபோதும், என்றுமே எருவறியாத பக்கத்துப் பாத்தியைக் காட்டிலும் அதன் மண்ணில் மக்கு அதிகமாகவே இருந்தது. இருபது ஆண்டுகள் இட்டதன் பயன் மூன்று தலைமுறைகளைத் தாண்டி நிற்கிறது என்றால், மண்ணின் காலக்கணக்கு மனிதருடைய வரவுசெலவுக் கணக்கோடு எவ்வளவு பொருந்தாதது என்பதை வேறு எந்த அத்தாட்சியும் இவ்வளவு தெளிவாகக் காட்டாது. மண்ணில் மக்கைச் சேர்ப்பதற்கும் பல்லாண்டு வேண்டும்; இழப்பதற்கும் பல்லாண்டு ஆவதால் இழந்துகொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. பிரிட்டனில் இன்று நிலத்தைக் காப்பதற்கு அறிவு குறைவாக இல்லை, ஆர்வமும் குறைவாக இல்லை. குறைந்திருப்பது அவகாசமே என்பது என் அபிப்பிராயம்.

மக்கு என்பது சிதைந்த இலையும் வேரும் சாணமும் நுண்ணுயிர்களின் உடலுமே. களிமண் துகள்களை ஒன்றோடொன்று பிணைத்துப் பொலபொலவென்ற உருண்டைகளாக்கி, இடையிடையே காற்றுக்கும் நீருக்கும் வழிவிட்டு, மழைக்காலத்தில் நீரை உள்வாங்கி வறட்சியில் சிறிது சிறிதாக வழங்குவது அதன் தொழில். அத்தொழிலில் முதன்மையான கூட்டாளி மண்புழு. சார்லஸ் டார்வின் தம் வாழ்நாளின் கடைசிப் பெரும் நூலை 1881-இல் மண்புழுக்களைப் பற்றியே எழுதி வெளியிட்டார். கென்ட் ஜில்லாவில் தம் இல்லத்தைச் சுற்றியிருந்த நிலத்தில் பல பத்தாண்டுகள் பொறுமையோடு பரிசோதித்த அம்மேதை, இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கர் நிலத்தில் ஆண்டுக்குப் பத்து டன்னுக்கு மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியே சென்று மேலே வருகிறது என்று கணித்தார். கலப்பை தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பூமியை உழுதுவரும் ஜீவன் அது என்பதை உலகம் அவரால் உணர்ந்தது.

மண்ணின் நிலையை அறிவதற்கு அந்நாட்டு விவசாயிகள் இன்று கையாளும் பரீட்சை மிக எளியது. வசந்தகாலத்திலோ இலையுதிர் காலத்திலோ, மண் ஈரமாயிருக்கும் நாள் ஒன்றில், மண்வெட்டியால் 20 சென்டிமீட்டர் நீளமும் அகலமும் ஆழமுமாக ஒரு சதுரக் கட்டியை அப்படியே பெயர்த்து எடுத்துப் பாய்போன்ற விரிப்பில் வைக்கிறார்கள். இரு கைகளாலும் மெல்லப் பிளந்தால், நல்ல மண் உருண்டை உருண்டையாக உதிரும். வேர்கள் எல்லாத் திசையிலும் ஓடியிருக்கும். முதல் மழையின் வாசனை எழும். கெட்ட மண்ணோ கூரிய விளிம்புள்ள பாளங்களாக உடையும். சிறிது ஆழத்திலேயே வேர்கள் முட்டித் திரும்பிப் பக்கவாட்டில் படுத்திருக்கும். காற்றில்லாத இடத்தில் நீலமும் சாம்பலுமாகத் திட்டுகள் தோன்றி, அழுகிய முட்டையின் நாற்றம் வீசும். பிறகு புழுக்களைப் பொறுக்கி எண்ணுகிறார்கள்: மேற்பரப்பின் சருகில் வாழ்பவை, மேல்மண்ணுக்குள் குறுக்கும் நெடுக்குமாகத் திரிபவை, நேர்கீழே ஆழமாக வளைதோண்டி இரவில் மேலே வந்து இலையை உள்ளிழுத்துச் செல்பவை என்று மூவகை. அடிக்கடி ஆழ உழும் வயலில் மூன்றாம் வகை முதலில் மறைகிறது. அதன் வளைகள் மறைந்தால் மழைநீர் கீழிறங்கும் செங்குத்தான வழியும் மறைகிறது. உலர்ந்த மண்ணாங்கட்டி ஒன்றைக் கண்ணாடிக் குவளை நீரில் இட்டுப் பார்ப்பதும் உண்டு. நெடுநாள் புல்வெளியாக இருந்த நிலத்தின் கட்டி நீரிலும் குலையாமல் நிற்க, ஓய்வின்றி உழுத நிலத்தின் கட்டி சில நிமிஷங்களில் கரைந்து குவளையைச் சேறாக்கிவிடும். அந்தச் சேறுதான் பெருமழையின்போது வயலைவிட்டுச் சாலையிலும் ஆற்றிலும் ஓடுவது.

இவ்வுண்மைகள் அந்நாட்டுக் குடியானவர்களுக்குப் புதியவை அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் நார்ஃபோக் ஜில்லாவில் பரவிப் புகழ்பெற்ற நான்காண்டுப் பயிர்ச் சுழற்சி, கோதுமை, டர்னிப் கிழங்கு, பார்லி, குளோவர் என்று மாறி மாறி விதைத்து, டர்னிப் வயலிலேயே ஆட்டுக்கிடை போட்டு, குளோவரின் வேர்முடிச்சுகளால் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலத்துக்குச் சேர்த்து, அத்தேசத்தின் ஜனப்பெருக்கம் முழுவதற்கும் ஈடுகொடுத்தது என்று கூறுவது மிகையாகும். ஆயினும் தொழிற்புரட்சியின் ஆரம்ப தசாப்தங்களில் நகரங்களுக்குச் சோறிட்டதில் அதற்குப் பெரும் பங்குண்டு. இந்தச் சரித்திரத்தில் நம் தேசத்துக்கும் ஓர் இடம் இருக்கிறது. ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலத் தாவர சாஸ்திரி 1905-இல் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். பிறகு இந்தூரில் 1924 முதல் பணியாற்றினார். அறிவுரை கூற வந்தவர், சுற்றுப்புறத்துக் குடியானவர்களின் நிலத்தைப் பார்த்துத் தாமே மாணாக்கரானார். சாணமும் தழையும் சருகும் அடுக்கடுக்காக இட்டுப் புரட்டி மக்கவைக்கும் இந்தூர் முறையை வகுத்து, தம் முடிவுகளை 1940-இல் நூலாக வெளியிட்டார். அவருடைய கருத்துகளால் ஊக்கம் பெற்றவர்களுள் ஒருவரான ஈவ் பால்ஃபர் சீமாட்டி, சஃபோக் ஜில்லாவின் ஹாலி கிராமத்தில் தம் பண்ணையையே பரிசோதனைக் களமாக்கினார். 1946-இல் மண் சங்கம் என்ற ஸ்தாபனம் உருவாவதற்கும் காரணமானார். இன்று பிரிட்டனில் இயற்கை விவசாயத்துக்கு அத்தாட்சி வழங்கும் பிரதான ஸ்தாபனம் அதுவே. எரு ஒன்றே போதும், ரசாயனம் முற்றும் வேண்டாம் என்ற அவர்களுடைய வாதம் முழுவதையும் பிராட்பாக் வயல் ஆதரிக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. மண் உயிருள்ளது என்று அவர்கள் வற்புறுத்தியதோ, நாளாக ஆக உறுதிப்பட்டே வந்திருக்கிறது.

ஆனால் அவர்கள் பேசிய காலம் அவர்களுக்கு அனுகூலமாக இல்லை. இரண்டாம் உலக யுத்தம் மூண்டபோது பிரிட்டன் தன் உணவில் மூன்றில் இரண்டு பங்கை வெளிநாடுகளிலிருந்து கப்பலில் தருவித்துக்கொண்டிருந்தது. அக்கப்பல்களை ஜெர்மானிய நீர்மூழ்கிகள் வேட்டையாடின. ஜில்லாதோறும் யுத்தகால விவசாயக் குழுக்கள் நியமனமாகி, பரம்பரைப் புல்வெளிகளை உழுது தானியம் விதைக்குமாறு ஆணையிட்டன. செய்யத் தவறியவர்களிடமிருந்து நிலத்தை எடுத்துக்கொள்ளவும் அவற்றுக்கு அதிகாரம் இருந்தது. பட்டினியின் விளிம்பைக் கண்ட தேசம் அதை மறக்கவில்லை. 1947-ஆம் ஆண்டின் விவசாயச் சட்டம் முக்கிய விளைபொருள்களுக்கு உத்தரவாத விலை அளித்தது. 1973-இல் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தபின் அதன் விவசாயக் கொள்கை அந்த ஆதரவை இன்னும் பெருக்கியது. எவ்வளவு விளைகிறதோ அவ்வளவு பணம் என்ற நிலையில், வேலிப்புதர்களைப் பிடுங்கி வயல்களை ஒன்றாக்கியதற்கும், கால்நடையைக் கைவிட்டுக் கோதுமைமேல் கோதுமையாக விதைத்ததற்கும் விவசாயியைக் குறைகூறுவது தர்மமன்று. தேசம் கேட்டதை அவர்கள் கொடுத்தார்கள். யுத்தகாலத்தில் ஹெக்டேருக்கு இரண்டரை டன் அளவில் இருந்த கோதுமை விளைச்சல் இன்று சராசரியாக எட்டு டன்.

எச்சரிக்கை வராமலும் இல்லை. 1960-களின் பிற்பகுதியில் மழைமிகுந்த பருவங்களில் பயிர்கள் நலிந்ததைக் கண்டு, சர்க்காருக்கு ஆலோசனை கூறும் விவசாய சபை, நைஜல் ஸ்ட்ரட் தலைமையில் மண்ணின் நிலையை விசாரித்து, 1970-இல் அறிக்கை சமர்ப்பித்தது. ஈர நிலத்தில் கனத்த யந்திரங்களை ஓட்டுவதால் மண்ணின் கட்டமைப்பு சிதைகிறது என்றும், சில மண்வகைகளில் மக்கு அபாயகரமான அளவுக்குக் குறைந்துவிட்டது என்றும் அது கூறியது. அன்றைய யந்திரங்கள் இன்றையவற்றோடு ஒப்பிட்டால் சிறியவை. தானியம் நிரம்பிய பெரிய அறுவடை யந்திரம் இப்போது 30 டன் வரை கனக்கிறது. அந்தப் பாரம் உழுபடைக்கு எட்டாத ஆழத்தில் மண்ணை இறுக்கிவிடுகிறது.

மண் கண்முன்னே குறைவதைக் காணவேண்டுமானால், கேம்பிரிட்ஜ்ஷயர் ஜில்லாவில் ஹோம் ஃபென் என்னும் சதுப்பு நிலத்துக்குச் செல்ல வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர் வெர்மய்டன் தொடங்கிய வடிகால் வேலை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிப் பம்புகளால் பூர்த்தியாகி, கிழக்கு இங்கிலாந்தின் விஸ்தாரமான சதுப்புகள் உலர்ந்த கறுப்பு நிலமாயின. அங்கிருந்த பெரிய ஏரி ஒன்றை வடித்த 1851-ஆம் ஆண்டுவாக்கில், நிலமட்டம் எவ்வளவு தாழும் என்று அறிய, அடிக்களிமண்வரை ஊன்றிய கம்பம் ஒன்றின் தலையைத் தரையோடு சமமாக நிறுத்தினார்கள். இன்று அந்தக் கம்பம் தரைக்கு மேல் ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரம் நிற்கிறது. கம்பம் உயரவில்லை, நீருக்கடியில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்திருந்த தாவர மக்கு, காற்றுப் பட்டதும் சுருங்கி, சிதைந்து, கரியமில வாயுவாகிப் போய்விட்டது. வசந்தகாலத்துப் பெருங்காற்று வீசும் நாள்களில், விதைத்த விதையோடும் இட்ட உரத்தோடும் அந்தக் கறுப்பு மண் எழும்பிப் பறந்து வடிகால்களை நிரப்புகிறது. தேசத்துக்குக் காய்கறியும் உருளைக்கிழங்கும் பெருமளவில் வழங்கும் நிலம் இதுவே என்பதால், மீண்டும் நீரைத் தேக்குங்கள் என்று எளிதில் சொல்லிவிடவும் முடியாது.

இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2019-இல் வெளியிட்ட அறிக்கை, உழவு நிலங்கள் தம் அங்ககக் கரிமத்தில் 40 முதல் 60 சதவீதம் வரை இழந்துவிட்டன என்றும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 40 லட்சம் ஹெக்டேர் மண் இறுகிப்போகும் அபாயத்தில் இருக்கிறது என்றும், 20 லட்சம் ஹெக்டேருக்கு மேல் அரிமான அபாயத்துக்கு உட்பட்டிருக்கிறது என்றும் கூறுகிறது. இந்த அளவே கவலைக்குப் போதுமானது. இன்னும் அறுபது அறுவடைகளே எஞ்சியிருக்கின்றன என்று மேடைகளில் அடிக்கடி கேட்கும் வாக்கியத்துக்கு ஆராய்ச்சி ஆதாரம் எதுவும் கிடையாது. நல்ல நோக்கத்தோடு சொல்வதாயினும் அதைக் கைவிடுவதே நலம். பீதியூட்டிப் பெறும் கவனம் நிலைப்பதில்லை. பயந்தவன் விரைவாகச் செய்ய விரும்புவான், மண்ணோ விரைவுக்கு வசப்படாது.

பரிகாரம் தேடும் விவசாயிகள் அங்கே பெருகிவருகிறார்கள். ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் 2016-இல் ஒரு பண்ணையில் சிறிய அளவில் தொடங்கிய கிரவுண்ட்ஸ்வெல் என்னும் விவசாயக் கூட்டத்துக்கு இப்போது ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். உழவைக் குறைத்து அல்லது அறவே விட்டு, அறுத்த தாளின் ஊடே நேராக விதைப்பது; அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையே நிலத்தை வெறுமையாக விடாமல் ரை என்னும் குளிர்நாட்டுத் தானியம், அவரைவகை, முள்ளங்கி முதலியவற்றை மூடுபயிராக விதைப்பது; குளிர்காலத்தில் ஆடுகளை அம்மூடுபயிரில் மேயவிடுவது; சில ஆண்டுகளுக்கு நிலத்தைப் புல்லும் குளோவரும் சிக்கரியும் கலந்த மேய்ச்சலாக விட்டுப் பிறகு தானியத்துக்குத் திருப்புவது ஆகியவை அவர்கள் கையாளும் உபாயங்கள். உழவை விட்டவர்களுக்குப் பெரிய சங்கடம் களை. கிழக்கு இங்கிலாந்தின் களிமண் வயல்களில் பிளாக்-கிராஸ் என்ற புல், களைக்கொல்லிகள் பலவற்றுக்கும் மசியாததாகிவிட்டது. ஆகவே உழாமல் விதைப்பவர்களில் பெரும்பாலோர் விதைப்புக்கு முன் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளித்தே தீரவேண்டியிருக்கிறது. இயற்கை விவசாயம் செய்வோர் அதைத் தொடாததால் கலப்பையைத் தொடவேண்டியிருக்கிறது. மண்ணின்மேல் அன்புள்ள இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் கடிந்துகொள்வதைக் காணும்போது வருத்தமே உண்டாகிறது. இருவர் கையிலும் இருப்பது பாதி விடைதான்.

எந்த வழியில் மாறினாலும் முதல் சில ஆண்டுகள் நஷ்டமான ஆண்டுகளே. இறுகிய மண் தானே இளகி, புழுக்கள் மீண்டும் பெருகி, வேர்வழிகள் உண்டாகும்வரை விளைச்சல் தாழும். அந்தத் தாழ்வைத் தாங்கும் சக்தி விவசாயிக்கு இருக்கிறதா என்பதே கேள்வி. 2021-லும் 2022-லும் எரிவாயு விலையேற்றத்தோடு தழைச்சத்து உரத்தின் விலை இரண்டு மடங்குக்கும் மேலாக ஏறியது. 2022 அக்டோபர் முதல் 2024 மார்ச் வரையிலான பதினெட்டு மாதங்களில் இங்கிலாந்தில் பெய்த மழை, பதிவேடு தொடங்கியதிலிருந்து அத்தகைய காலஅளவில் காணாத பெருமழை. விதைத்தது அழுகியது, பல வயல்களில் விதைக்கவே முடியவில்லை. அடுத்து வந்த 2025-இன் வசந்தமோ நூறாண்டுகளுக்கு மேலாகக் காணாத வறட்சி. விளைந்ததை வாங்குவோர் விரல்விட்டு எண்ணக்கூடிய சில பேரங்காடி நிறுவனங்களே. அவற்றின் நடத்தையைக் கண்காணிக்க 2013-இல் தனி அதிகாரியை நியமித்தும், அவருடைய அதிகாரம் நேராக விற்பவர்களை மட்டுமே காக்கிறது, இடைத்தரகர் வழியே விற்கும் பெரும்பாலோரைக் காப்பதில்லை.

இத்தருணத்தில்தான் சர்க்காரின் கொள்கையும் அடியோடு மாறியது. ஐரோப்பிய ஐக்கியத்தை விட்டு விலகியபின், நிலத்தின் பரப்பளவுக்கு ஏற்ப ஆண்டுதோறும் வழங்கிவந்த மானியத்தைப் படிப்படியாக நிறுத்தி, பொதுநன்மை செய்வோருக்கே பொதுப்பணம் என்ற கொள்கையை 2020-ஆம் ஆண்டின் விவசாயச் சட்டம் வகுத்தது. கொள்கை உன்னதமானது, அதைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. மூடுபயிர் விதைப்பவருக்கும், மூலிகை கலந்த மேய்ச்சல் விடுபவருக்கும், மண்ணைச் சோதித்துத் திட்டம் வகுப்பவருக்கும் ஹெக்டேர் கணக்கில் பணம் தரும் நிலைபேற்று விவசாய ஊக்கத் திட்டம் அதன் பயனாகவே இங்கிலாந்தில் வந்தது. தயங்கித் தயங்கிப் பலர் அதில் சேர்ந்துகொண்டிருந்தபோது, 2025 மார்ச் 11-ஆம் தேதி, ஒதுக்கிய நிதி தீர்ந்துவிட்டது என்று கூறி, முன்னறிவிப்பின்றிப் புதிய மனுக்களை ஏற்பதை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்பே ஒப்பந்தம் செய்தவர்களுக்கும் பெரும்பாலும் மூன்றாண்டுக் காலமே. மூன்றாண்டுகளில் மக்கின் அளவு ஏறியதா இறங்கியதா என்று நிச்சயமாகச் சொல்ல ராதம்ஸ்டெட்டின் நுட்பமான கருவிகளாலும் இயலாது.

வாரிசு வரி விஷயத்தில் நேர்ந்ததும் இத்தகையதே. விவசாய நிலம் தந்தையிடமிருந்து மக்களுக்கு வரியின்றி இறங்கும் சலுகையை, 2026 ஏப்ரல் முதல் பத்து லட்சம் பவுன் மதிப்புக்குமேல் பாதியாகக் குறைப்பதாக 2024 அக்டோபர் 30-ஆம் தேதி வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். நவம்பர் மாதம் ஆயிரக்கணக்கான விவசாயிகள் லண்டன் வீதிகளில் திரண்டார்கள். நிலத்தின் விலை விளைச்சலோடு சம்பந்தமில்லாமல் ஏறியிருப்பதால், ஏட்டில் லட்சாதிபதியாகவும் கையில் காசற்றும் இருக்கும் குடும்பங்கள் அங்கே ஏராளம். ஓராண்டுக் கிளர்ச்சிக்குப் பின், 2025 டிசம்பரில், வரம்பை 25 லட்சம் பவுனாக உயர்த்தச் சர்க்கார் இசைந்தது. வரிப்பளுவிலிருந்து தப்பவே நிலத்தை வாங்கிக் குவிக்கும் தனவந்தர்களும் இருக்கிறார்கள் ஆதலால், சீர்திருத்தத்துக்கு நியாயமே இல்லையென்று கூறமாட்டேன். வயதான விவசாயிகள், எஞ்சிய காலத்துக்குத் திட்டமிட இயலாமல் ஓராண்டு முழுவதும் தவித்ததற்கு நியாயம் ஏதும் இல்லை.

இவையெல்லாம் நிலம் சொந்தமாக உள்ளவர்களின் துன்பங்கள். இங்கிலாந்தின் விவசாய நிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குத்தகைக்கு விடப்பட்டது. யுத்தத்துக்குப் பிந்திய சட்டங்கள் குத்தகைதாரருக்கு ஆயுட்காலப் பாதுகாப்பை அளித்தன. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அவருடைய சந்ததிக்கும் உரிமையை நீட்டியது. அதன் விளைவாக உடைமையாளர்கள் நிலத்தைக் குத்தகைக்கு விடவே அஞ்சினார்கள் என்பதால், 1995-இல் நிபந்தனைகளை இரு தரப்பும் தாமே பேசி முடித்துக்கொள்ளும் புதிய முறை வந்தது. நிலம் சந்தைக்கு வந்தது, காலம் சுருங்கியது. புதிய குத்தகைகளில் பல மூன்று நான்கு ஆண்டுகளுக்கே உரியவை. ஐந்தாம் ஆண்டில் பலன் தரும் பணியை, நான்காம் ஆண்டில் நிலத்தைவிட்டு வெளியேறப் போகிறவர் ஏன் செய்யவேண்டும்? இவர்களைப் பற்றி விசாரித்து கேட் ராக் சீமாட்டி 2022-இல் சமர்ப்பித்த அறிக்கை, நீண்டகாலக் குத்தகைகளை ஊக்குவிக்க வேண்டுமென்று பரிந்துரைத்தது. அதற்காக நிலத்தை விடுபவருக்கு வரிச்சலுகை தரலாம் என்ற யோசனையை நான் மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன்.

வேறொரு வழியும் அந்நாட்டுச் சட்ட மரபிலேயே இருக்கிறது. வெளியேறும் குத்தகைதாரர் மண்ணில் விட்டுச்செல்லும் உரத்தின் தீராத மதிப்புக்கு ஈடு பெறும் வழக்கம் லிங்கன்ஷயர் போன்ற ஜில்லாக்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வேரூன்றி, பின்பு சட்டத்திலும் இடம்பெற்றது. கால்நடைக்கு வாங்கிப்போட்ட பிண்ணாக்கு சாணமாகி நிலத்தில் சேர்ந்தால் அதில் எவ்வளவு சத்து எஞ்சும் என்றுகூட அட்டவணை போட்டு, பைசல் செய்தார்கள். பிண்ணாக்குக்கு அட்டவணை வகுத்தவர்களால் மக்குக்கும் மண்புழுவுக்கும் வகுக்க முடியாதா? நிலத்தை ஏற்கும் நாளில் ஒருமுறையும் விடும் நாளில் ஒருமுறையும் மண்வெட்டியால் கட்டி எடுத்து, கரிமத்தை அளந்து, புழுவை எண்ணி, இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டால், ஏறியிருப்பதற்கு உடைமையாளர் ஈடு தரலாம். இறங்கியிருந்தால் குத்தகைதாரர் ஈடு செய்யலாம். குறுகிய காலத்தில் கரிமத்தின் ஏற்றத்தாழ்வை நிச்சயிப்பது அரிதாதலால், இந்தக் கணக்கு பத்தாண்டுக்குக் குறையாத குத்தகைகளுக்கே பொருந்தும்; ஆகவே நீண்ட குத்தகைக்கு வரிச்சலுகையும், மண்ணுக்கு ஈடும் ஒரே மசோதாவில் சேர்ந்து வரவேண்டும்.